மூடி டயல் கறியின் சூட்டைக் காட்டாது

"ஸ்மோக்கர் (புகையில் கறி வேகவைக்கிற கரி அடுப்பு) மூடி உச்சியில் டயலை (வட்டத் தெர்மாமீட்டர்) மாட்டுங்க, 110 டிகிரி காட்டினா கோழி வெந்தாச்சு"ன்னு ஒரு தம்பி சொல்றது தப்பு. அது அந்த இடத்துக் காற்றோட சூடு மட்டும்தான். கறி வைக்கிற கம்பிவலை மட்டத்துல பத்து இருபது டிகிரி மாறும்.

ஓட்டையை மூடியின் பக்கவாட்டில், வலைக்குச் சற்று மேலே போடுங்க. டயலின் பின்னாடி நீட்டியிருக்கிற தண்டு கறியில் முட்டக்கூடாது. கரிக்கு நேர் மேலேயும் வேண்டாம். மாட்டும் முன் கொதிக்கிற தண்ணியில் தண்டை விட்டுப் பாருங்க. நம்ம காரைக்குடியில் 100ஐ ஒட்டி நிற்கணும். இல்லேன்னா, பல டயல்களில் பின்னாடி நட்டைத் திருப்பிச் சரிபண்ணலாம்.

செட்டிநாட்டு மசாலா வேகுமுன்னே கறுத்துடும், நிறத்தையும் நம்ப முடியாது. தடித்த சதையில், எலும்பில் படாம, குத்துற தெர்மாமீட்டர் 74 டிகிரி காட்டின பிறகு இறக்குங்க.