ஜாங்கோவின் விரல்களை யாரும் வெட்டவில்லை

"ஜாஸ் கிதார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்குத் தீ விபத்தில் இரண்டு விரல்களை வெட்டி எடுத்துவிட்டார்கள்" என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. இடது கையின் ஐந்து விரல்களும் அவருக்குக் கடைசிவரை இருந்தன.

1928 நவம்பரில், பாரிஸ் அருகே அவர் குடியிருந்த வண்டிவீட்டில் மெழுகுவர்த்தியால் தீப்பிடித்தது. மனைவி விற்பதற்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்டு (எளிதில் தீப்பற்றும் ஒருவகை பிளாஸ்டிக்) பூக்கள் குப்பென்று பற்றிக்கொண்டன. அப்போது ஜாங்கோவுக்கு வயது 18. மருத்துவர்கள் வெட்டி எடுத்துவிடலாம் என்றது அவருடைய ஒரு காலைத்தான். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் வெந்து, மடங்கியபடியே முடங்கிப்போயின.

அப்புறம் அவர் செய்ததுதான் அதிசயம். தனி வாசிப்பு முழுவதையும் ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் வாசிக்கப் பழகினார். கார்டு (பல சுரங்களை ஒன்றாக ஒலிப்பது) பிடிக்கும்போது முடங்கிய விரல்களையும் தந்தியில் அழுத்தினார். 1930களின் இறுதியில் எடுத்த படச்சுருளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: இரண்டு விரல்கள் கிதாரின் கழுத்தில் பறக்கின்றன, மற்ற இரண்டும் சுருண்டிருக்கின்றன. 1934இல் வயலின் கலைஞர் ஸ்தெஃபான் கிராப்பெல்லியோடு, டிரம்ஸே இல்லாத குழுவை அவர் நடத்தியது இந்தக் கையோடுதான்.

விரல் நுனிகளை இழந்தவர் ராக் கிதார் கலைஞர் டோனி அயோமி. அவருக்குத் தெம்பு தந்தது ஜாங்கோவின் இசைத்தட்டு. இருவர் கதையும் கலந்துவிட்டதோ என்னவோ.