டிக் இல்லாத அந்தப் பெட்டி

இரவு வந்த கோவம் இன்னும் இறங்கல்ல. பைதன் எண்ட புரோகிராம் எழுதுற மொழியைக் கொம்பியூட்டரில போடுற இன்ஸ்டோலரைச் செய்தவங்களில ஒருத்தராவது ஒரு புதுப் பிள்ளைக்குப் பக்கத்தில இருந்து பார்த்திருப்பாங்களா?

களுவாஞ்சிக்குடியில அக்காட மகள். ஏ.எல். எண்ட உயர்தரப் பரீட்சைக்கு ஐசிடி எண்ட கொம்பியூட்டர் பாடம் எடுத்திருக்கிறாள், அதில பைதன் இருக்கு. ஃபோன் டேட்டாவில டவுன்லோட் பண்ணி, 'இன்ஸ்டோல் நௌ' எண்டு கண்ணைக் குத்துற பெரிய பட்டனை அமத்தினாள். அமத்தாம வேறென்ன செய்யிற? ஆனா அந்த விண்டோவின்ட அடியில, பொடி எழுத்தில, 'ஆட் பைதன் டு பாத்' எண்டு ஒரு பெட்டி கிடக்கு. விண்டோஸ் புரோகிராம்களைத் தேடுற இடங்களின்ட பட்டியல்தான் பாத். டிக் போடாமத்தான் தருவாங்க. நாமளாக் கண்டு போடணும். போடாட்டி ஒரு எச்சரிக்கை கூட இல்ல, 'செட்டப் வோஸ் சக்ஸஸ்ஃபுல்' எண்டுதான் வரும். என்ன சக்ஸஸ்? பைதன் எங்க கிடக்கெண்டு விண்டோஸுக்கே தெரியாது!

கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையில 'பைதன்' எண்டு அடிச்சா மைக்ரோசொஃப்ட் ஸ்டோர் திறக்குது. போட்டதையே திரும்பப் போடச் சொல்லுது. 2019இல விண்டோஸ் 10க்குள்ள செருகின வேலை இது. பைதன் எண்ட பேரில ஒரு போலிக் குறுக்குவழி. அதை நிப்பாட்ட செட்டிங்ஸுக்குள்ள போய் 'ஆப் எக்ஸிகியூஷன் அலையஸஸ்' எண்ட இடத்தைத் தேடணும். பதினேழு வயசுப் பிள்ளைக்கு அந்தப் பேரை ஆர் சொல்லிக் குடுத்த? உண்மையான பைதனோ 'ஆப்டேட்டா' ஃபோல்டருக்குள்ள. அது மறைச்சு வச்ச ஃபோல்டர், சும்மா திறந்து பார்த்தாக் கண்ணுக்கே தெரியாது. 'பி', 'வை' எண்டு ரெண்டெழுத்து அடிச்சாலும் ஓடும் எண்டு சொல்ல வருவீங்க. ஓடும். அவளுக்கு அது தெரிய வழி என்ன?

அவள் ரெண்டு தரம் பைதனை அழிச்சுத் திரும்பப் போட்டிருக்கிறாள், டேட்டாவும் முடிஞ்சுது. பிறகு எனக்குக் கோல் எடுத்து, "மாமா, எனக்கு இந்தப் பாடம் சரிவராது, வேற பாடத்துக்கு மாறப்போறன்" எண்டாள். "என்ன புள்ள நடந்த?" எண்டு கேட்டா அழுகை. ஒரு வரி புரோகிராம் எழுத முதலே தனக்கு மூளை இல்லை எண்டு முடிவெடுத்திட்டாள்! எனக்கு வயிறு எரிஞ்சுது. பிழை அவளிலயா? அந்தப் பெட்டிக்கு முதலே டிக் போட்டுத் தந்தா ஆருக்கு என்ன நட்டம்? ஏற்கனவே வேற பைதன் வச்சிருக்கிறவங்களுக்குக் குழம்பிருமாம். அவங்களுக்கு டிக்கை எடுக்கத் தெரியும்தானே. தெரியாத பிள்ளையை ஏன் தண்டிக்கிறீங்க?

ஃபோனிலயே சொல்லிச் சொல்லி ஒரு மாதிரி ஓட வச்சா, டியூசன் நோட்டில இருந்த முதல் புரோகிராமே எரர். பிரின்ட்டுக்கு அடைப்புக்குறி இல்ல. அது பைதன் 2இல ஓடும், பைதன் 3இல ஓடாது. பைதன் 3 வந்தது 2008இல, பைதன் 2ஐ 2020 ஜனவரியோட கைவிட்டாச்சு. அந்தப் பழைய நோட்டை இந்த வருசமும் போட்டோகொப்பி அடிச்சுப் பிள்ளைகளிட்டக் காசுக்கு விக்கிறாங்க. படிப்பிக்கிறவர் அந்தப் புரோகிராமை ஒருக்கா ஓட்டியாவது பார்க்க மாட்டாரா?