குட்டை நெல் மரபணு மாற்றுப் பயிர் அல்ல

"குட்டை நெல் எல்லாம் மரபணு மாற்றியது, விதை எடுத்தால் முளைக்காது" என்று திருவாடானை, தொண்டிப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் நெல்லில் எஸ்டி1 மரபணுவின் ஒரு துண்டு இயற்கையாகவே விடுபட்டிருந்தது. அதனால் தண்டை நீளவைக்கும் ஜிப்ரலின் என்ற ஹார்மோன் குறைந்து தண்டு நீளாது. அதை பீட்டா என்ற நெட்டை ரகத்தோடு கலப்பு செய்து வந்த ஐ.ஆர்.8 என்ற குட்டை ரகம் வெளியானது 1966இல். மரபணு மாற்றுச் செடி உருவானதே 1983 வாக்கில்தான்.

குட்டைத்தன்மை ஒடுங்கு பண்பு, தாய்வழி, தந்தைவழி வரும் மரபணுப் பிரதி இரண்டுமே குட்டைக்கானதாக இருந்தால்தான் தெரியும். ஆகவே குட்டை வயலில் தலைநீட்டும் நெட்டைப் பயிர் கலப்பால் வந்தது. பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள். மீதியில் விதை எடுத்து, ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைத்தால் அடுத்த புரட்டாசி விதைப்புக்குத் தாராளமாக முளைக்கும். வீரிய ஒட்டு நெல்லில் மட்டும் எடுக்காதீர்கள்: முளைக்கும், ஆனால் பயிர் ஒன்றுபோல் வராது.