முதுகும் நாக்கும்

ராத்திரி டியூட்டி முடிந்து வந்து படுத்தேன், தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

டெக்சாஸில் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் வார்டில் ஒரு தம்பி, வயது 26. பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், இவன் பிறந்தது இங்கேதான். அப்பாவுக்குக் கூரை போடும் வேலை, அம்மா வீடுகளைச் சுத்தம் செய்யப் போவார். கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் படித்து, உரிமத் தேர்வு எழுதி, வேலைக்கு வந்து மூன்று வருடம். நரம்பே கிடைக்காத பாட்டிகளுக்கும் முதல் குத்திலேயே லைன் போட்டுவிடுவான். ஆனால் அவனை நாங்கள் எதற்குக் கூப்பிடுகிறோம்? கனமான நோயாளியைப் புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பானிஷ் பேச வேண்டும். இரண்டே காரணம்.

நாங்கள் என்று சொன்னேனே, அதில் நானும் உண்டு.

போன மாதம் என் நோயாளி ஒரு அம்மா, அறுபதைத் தாண்டியவர். இதயம் பலவீனம், கால் இரண்டும் வீங்கி, இரண்டு மாதத்தில் மூன்றாவது முறை அட்மிஷன். மொழிபெயர்ப்பாளரை வீடியோவில் காட்டும் டேப்லெட்டைத் தள்ளிக்கொண்டு போனேன். "நீர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்று கேட்கச் சொன்னேன். "ஸீ, ஸீ" என்று தலையாட்டினார், ஸ்பானிஷில் ஆமாம் என்று அர்த்தம். எல்லாக் கேள்விக்கும் அதே "ஸீ". நடுவில் படமும் உறைந்து நின்றுவிட்டது. தம்பியைக் கூப்பிட்டேன்.

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முதலில் ஊர் எது என்று விசாரித்தான். அப்புறம் என் கேள்வியை விட்டுவிட்டு வேறொன்று கேட்டான்: "வேலைக்குப் போகிற நாளில் மாத்திரையை எப்போது போடுவீர்கள்?" அந்த அம்மா ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். வேலை நாளில் போடுவதே இல்லையாம். மாத்திரை போட்டால் அரை மணிக்கு ஒருதரம் பாத்ரூம் போக வேண்டும், சுத்தம் செய்யப் போகிற வீட்டில் அதைக் கேட்கக் கூச்சம். வாரத்தில் ஆறு நாள் வேலை.

மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நான் கேட்டதைத்தான் கேட்டிருப்பார். எதைக் கேட்க வேண்டும் என்று இவனுக்குத் தெரிந்தது. அவன் செய்தது நர்ஸ் வேலை. நாங்கள்தான் அதை "கொஞ்சம் ஸ்பானிஷ் உதவி" என்கிறோம்.

அந்த அறையில் அவனுக்கு 25 நிமிடம் போனது. அதற்குள் அவனுடைய நோயாளி ஒருவருக்குப் போக வேண்டிய ஆன்டிபயாட்டிக் தாமதம். கம்ப்யூட்டரில் அவன் பெயருக்கு நேரே சிவப்பில் பதிவாகிவிட்டது. இந்த 25 நிமிடம் எங்கேயும் பதிவாகவில்லை. என் நோயாளியின் சார்ட்டில் என் பெயர்தான் இருக்கிறது.

மொழி விஷயத்தில் ஏன் இவ்வளவு அலட்டல் என்பவர்களுக்கு: 1980-ல் ஃப்ளோரிடாவில் வில்லி ராமிரெஸ் என்ற 18 வயதுப் பையனை மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கியூபக் குடும்பம். "இன்டாக்ஸிகாடோ" என்றார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்கள் பேச்சில் அர்த்தம். மருத்துவர்கள் போதை மருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் மூளைக்குள் ரத்தக்கசிவு. பையனுக்குக் கை கால் நான்கும் செயலிழந்து போயிற்று. இழப்பீடு சுமார் 7.1 கோடி டாலர். இன்று சட்டம் தெளிவாக இருக்கிறது: தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஆஸ்பத்திரி தன் செலவில் தர வேண்டும், வீட்டில் பேசிப் பழகிய மொழி மட்டும் தகுதி ஆகாது. ஆனால் ராத்திரி மூன்று மணிக்குச் சட்டமா நடந்து வரும்? இவன்தான் வருவான்.

2022-ல் நடந்த தேசிய நர்ஸ் கணக்கெடுப்பில் ஆண்கள் சுமார் 11 சதவீதம், ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளை பூர்வீகமாகக் கொண்டவர்கள், சுமார் 7 சதவீதம். அந்த வருடம் நாட்டின் மக்கள்தொகையில் ஹிஸ்பானிக் சுமார் 19 சதவீதம், டெக்சாஸில் பத்துக்கு நான்கு பேர். ஆக, ஸ்பானிஷ் பேசும் ஆண் நர்ஸ் வார்டுக்கு ஒருவன் இருந்தாலே பெரிது. அவன் தலையில்தான் எல்லாம் விழும்.

ஆண்கள் நர்ஸாவதே இங்கே லேசில் நடக்கவில்லை. அமெரிக்க ராணுவ நர்ஸ் படையில் 1955 வரை ஆணுக்கு இடமில்லை. மிசிசிப்பியில் ஜோ ஹோகன் என்பவர் ஏற்கெனவே நர்ஸாக வேலை பார்த்தவர். அங்கிருந்த அரசு மகளிர் பல்கலைக்கழகம் ஆண் என்பதால் நர்சிங் பட்டப் படிப்பில் சேர்க்க மறுத்தது. உச்ச நீதிமன்றம் வரை போய் 1982-ல் ஜெயித்தார். தீர்ப்பை எழுதியவர் அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். எனக்குப் பிடித்த தகவல் அது.

நம் மொழியிலும் பாருங்கள், செவிலி என்றாலே செவிலித்தாய்தான். ஊரில் ஆண் நர்ஸை 'பிரதர்' என்று சமாளிக்கிறோம். ஸ்பானிஷில் 'என்ஃபெர்மேரோ' என்று ஆண்பால் சொல் தயாராகவே இருக்கிறது. ஆனாலும் தாத்தாக்கள் இவனை "டாக்டர்" என்பார்கள், பாட்டிகள் "மிஹோ" என்பார்கள். மிஹோ என்றால் மகனே. நம் "ராசா" மாதிரி. நர்ஸ் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

தூக்கும் கதை இன்னும் மோசம். வார்டுக் கோடியில் தூக்கும் இயந்திரம் சார்ஜ் ஏறிக்கொண்டே நிற்கிறது. அதைத் தள்ளி வருவதைவிட இவனைக் கூப்பிடுவது சுலபம். 26 வயதில் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வருகிறான்.

மேலிடத்தில் ஒருவர் இவனை "நல்ல மனசுக்காரன்" என்று பாராட்டினார். மனசுக்கு என்ன சம்பளம்? மொழித் தேர்வு வைத்து, தேறினால் மணிக்கு இவ்வளவு என்று கூட்டிக் கொடுங்கள். மொழிபெயர்க்கப் போகிற நாளில் நோயாளி எண்ணிக்கையைக் குறையுங்கள். போன நேரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். இது ஒன்றும் பெரிய புரட்சி இல்லை.

நேற்று ராத்திரி என் நோயாளி ஒருவருக்கு மூச்சு ஒரு மாதிரி இருந்தது. இங்கிலீஷ் பேசுகிற, ஒல்லியான மனிதர். அந்தத் தம்பிக்கு இதில் கண் கூர்மை, ஒரு வார்த்தை கேட்கலாம் என்று கூப்பிட்டேன். கையுறையை மாட்டிக்கொண்டே உள்ளே வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலின் மறுபக்கம் போய் நின்று கேட்டான்:

"எந்தப் பக்கம் திருப்பணும்?"