கெட்டமைன் ஊசியும் கூரைக்குப் போகும் 'ஆன்மாவும்'

"கெட்டமைன் ஏற்றினால் ஆன்மா உடலை விட்டு வெளியே போய் மேலிருந்து பார்க்கிறது, இதை விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது உண்மை இல்லை.

கெட்டமைன் 1962-இல் உருவாக்கப்பட்ட மயக்க மருந்து. மூளையில் நரம்பு செல்கள் செய்தி வாங்கும் இடங்களான ஏற்பிகளில், என்எம்டிஏ என்ற வகையை அது அடைக்கிறது. கண், காது, தோல், உடம்பின் சமநிலை எல்லாவற்றிலிருந்தும் வரும் தகவல்களைச் சேர்த்துத்தான் 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற உணர்வையே மூளை கட்டுகிறது, மருந்தின் அடைப்பால் அந்தக் கட்டு கலைந்தால் மிதப்பது போலத் தோன்றும். மிதந்ததாகச் சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவர் உணர்ந்தது நிஜம்தான், ஆனால் எதுவும் வெளியே போகவில்லை.

மருந்தே இல்லாமலும் இது வரும். 2002-இல் நரம்பியல் நிபுணர் ஓலாஃப் பிளாங்கே குழுவினர் ஜெனீவாவில் வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணின் மூளையில், வலது காதுக்குச் சற்று மேலே, மெல்லிய மின்சாரம் கொடுத்தார்கள். அவர் கட்டிலில் கிடக்கும் தன்னையே மேலிருந்து பார்ப்பதாகச் சொன்னார், அதுவும் கால்களும் இடுப்புப் பக்கமும் மட்டும்தான் தெரிந்ததாம்! வெளியே போன ஆன்மாவுக்கு ஏன் முகம் தெரியவில்லை?

சரி, நிஜமாகவே மேலிருந்து பார்த்தால்? இதயம் நின்று பிழைத்தவர்களை வைத்து 2014-இல் வெளியான அவேர் ஆய்வில், மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி அலமாரிகளில் படங்களை வைத்திருந்தார்கள். ஒருவரும் அந்தப் படத்தைச் சொல்லவில்லை. பெரும்பாலானோருக்கு இதயம் நின்றது அலமாரி இல்லாத இடங்களில் என்பதால் அது முழு முடிவல்ல, ஆனாலும் 'நிரூபித்துவிட்டது' என்பதற்கு இடமே இல்லை.

அந்த அனுபவத்தில் ஒருவர் கடவுளை உணர்ந்தால் அது அவர் நம்பிக்கை, அதில் நான் தலையிட மாட்டேன். ஆன்மிகம் என்று நம்பி கெட்டமைனைத் தாமாக வாங்கிப் போடுகிற பிள்ளைகளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது, தொடர்ந்து எடுத்தால் சிறுநீர்ப்பை சுருங்கிப் பாழாகிவிடலாம்.