பணிச்சோர்வுக்கு வயதையும் பாலினத்தையும் காரணம் காட்டலாமா?

ஊழியர் ஒருவர் வேலையில் ஓய்ந்துபோனால், 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை' என்று முடித்துவிடுவது மேலாளர்களுக்கு வசதியாக இருக்கிறது. போதாததற்கு ஆய்வுகளையும் துணைக்கு அழைக்கிறார்கள். பர்ன் அவுட் எனப்படும் பணிச்சோர்வை அளக்கும் வினாத்தாளை 1981இல் உளவியல் ஆய்வாளர்களான கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் வெளியிட்டது முதல், வயது, பாலினம், திருமணம், கல்வி என எல்லாவற்றோடும் அதைப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். அவற்றுள் ஓரளவு சீராகத் தென்பட்டது வயதுதான்: இளையவர்களிடம் சோர்வு கூடுதலாகப் பதிவாகிறது.

இந்த முடிவை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை, கேள்வி கேட்கும் நாளில் வேலையில் இருப்பவர்களையே கணக்கில் எடுக்கின்றன. இருபத்தைந்து வயதில் தாங்க முடியாமல் வேலையை உதறியவர், ஐம்பது வயதுக்காரர்களின் கணக்கில் வருவதே இல்லை. தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே அங்கே எஞ்சியிருக்கிறார்கள். மாஸ்லாக்கும் சக ஆய்வாளர்களுமே இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள் என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் சொல்வதில்லை. தவிர, இளையவர் என்றால் பெரும்பாலும் புதியவர். இரவுப் பணிப் பட்டியலில் முதலில் ஏறுவது அவர் பெயர். அந்தப் பட்டியலைப் பற்றி வாய் திறக்க முடியாதவரும் அவரே.

மணமாகாதவர்கள், குறிப்பாக ஆண்கள், அதிகம் சோர்வடைவதாகவும் சொல்லப்படுகிறது. 'உனக்கென்ன, குழந்தையா குட்டியா' என்று விடுமுறை நாள் வேலையை அவர்கள் தலையில் கட்டுவது வினாத்தாளின் எந்தக் கட்டத்தில் பதிவாகும்?

பாலினத்தைப் பொறுத்தவரை, 183 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, பெண்களிடம் உணர்வுக் களைப்பும், ஆண்களிடம் பிறரிடம் ஒட்டாமல் விலகி நிற்கும் போக்கும் சற்றே கூடுதல் என்றது. சற்றே, அவ்வளவுதான்.

எளிதில் பதற்றமடையும் இயல்புக்கும் பணிச்சோர்வுக்கும் தெளிவான தொடர்பு இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் தன் பதினோராவது நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை நோயாகச் சேர்க்கவில்லை. சரிவரக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்திருக்கிறது. ஆகவே நிறுவனங்கள் அடுத்த முறை கருத்துக்கணிப்பு நடத்தும்போது, வேலையை விட்டுச் சென்றவர்களிடமும் கேட்கட்டும். வயதைக் கேட்கும் அதே தாளில், பணிப் பட்டியலை மாற்றக் கோரும் உரிமை உண்டா என்றும் கேட்கட்டும்.