'வார் பிக்ஸ்' போரைப் போற்றும் பாட்டா?

ஹெவி மெட்டல் என்ற அதிரடி ராக் இசை போரைக் கொண்டாடுகிறது, சாத்தானைத் துதிக்கிறது என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. அதற்குச் சான்றாகக் காட்டுவது, பிளாக் சாபத் இசைக்குழு 1970-இல் வெளியிட்ட 'வார் பிக்ஸ்' (போர்ப் பன்றிகள்) பாட்டில் சாத்தான் சிரிக்கும் வரி. இது தவறு. பாட்டை முழுதாகக் கேட்டால் பொருள் நேர் எதிராக இருக்கிறது.

வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. வரிகளில் பெரும்பகுதியை எழுதியவர் பேஸ் கிதார் கலைஞர் கீசர் பட்லர். தொடக்கத்திலேயே வான்தாக்குதல் சைரன் அலறுகிறது. தளபதிகள் சூனியக்காரிகளைப் போலக் கூடுகிறார்கள். போரை மூட்டிய அரசியல்வாதிகள் ஒளிந்துகொள்ள, சண்டைக்குப் போவது ஏழைகள். கடைசியில் தீர்ப்பு நாளில் போர்வெறியர்கள் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறார்கள். சாத்தான் சிரிப்பது அந்த இடத்தில்தான். அது வழிபாடே இல்லை, கடும் கண்டனம். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டுவது நியாயமில்லை.

சரி, இந்த ஒரு பாட்டுதானா? இல்லை. மெட்டாலிகா என்ற மெட்டல் குழுவின் 'ஒன்' (1988) கை, கால், பார்வை, செவி, பேச்சு அத்தனையும் இழந்து மருத்துவமனைப் படுக்கையில் சாவை வேண்டும் ஒரு சிப்பாயின் குரல். டால்டன் டிரம்போ 1939-இல் வெளியிட்ட போர் எதிர்ப்பு நாவலிலிருந்து பிறந்தது. முடிவை நெருங்கும்போது டிரம்ஸ் இயந்திரத் துப்பாக்கி போலப் படபடக்கிறது. எனக்கு இன்றும் நெஞ்சை அடைக்கும் இடம் அது.

போர்வீரத்தைப் பாடும் மெட்டல் குழுக்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 'வார் பிக்ஸ்' அந்த வரிசையில் சேராது.